சோறும் கடிதமும்: ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வேலைகள் பற்றி

ஜேர்மனியில் வாழும் எமது குடும்பங்களில் இரண்டு வகையான இயலாமைகள் நீண்டகாலமாக அருகருகே குடியிருந்து வருகின்றன. ஒன்று, மனைவி இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஒரு பானை சோறும் ஒரு பருப்புக் கறியும் வைக்கத் தெரியாத கணவனுடையது. மற்றது, கணவன் இல்லாத நாளில் தபாற்பெட்டிக்குள் விழுந்த கடிதத்தை உடைத்து, அது என்ன கேட்கிறது என்று அறிய முடியாமல் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கும் மனைவியினுடையது. முதலாவதை நாம் பகிடியாகக் கதைக்கிறோம். இரண்டாவதைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

இவ்விடயம் எமது கூட்டங்களில் எழும்போதெல்லாம் 'ஆண்கள் சமைக்கலாமா?' என்ற பட்டிமன்றமாகச் சுருங்கி, சிரிப்போடும் கைதட்டலோடும் முடிந்துவிடுகிறது. சமத்துவம் பற்றிய விவாதம் அவசியமானதே. ஆனால் அதற்கும் முன்னதாக இது உயிர்வாழ்தல் பற்றிய பிரச்சினை என்பதை இங்கு எழுத விரும்புகிறேன். 1983 யூலைக்குப் பின்னர் இருபது, இருபத்தைந்து வயதில் இந்நாட்டில் வந்திறங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நீரிழிவும் இருதய நோயும் பாரிசவாதமும் எமது வீடுகளுக்குள் வரத் தொடங்கிவிட்டன. ஊரில் ஒருவர் பாயில் விழுந்தால் தாங்கிக்கொள்ள அயல் இருந்தது, சகோதரி இருந்தாள், மச்சாள் சோற்றுப் பெட்டியோடு வந்தாள். இங்கே மூன்றாம் மாடி வீடொன்றில் இருவர் மட்டுமே. பிள்ளைகள் வேறு நகரங்களில். அவ்விருவரில் ஒருவர் விழுந்தால் மற்றவரால் அந்த வீட்டை நடத்த முடியுமா என்பதே கேள்வி.

பானில் எழுதப்பட்ட ஒரு வசனம்

'ஆம்பிளை குசினிக்குள் போவது வெள்ளைக்காரரின் பழக்கம், எங்கள் பண்பாடு வேறு' என்று சொல்வோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்கள் ஜேர்மன் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1900 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின்படி, திருமண வாழ்வின் எல்லா விடயங்களிலும் முடிவெடுப்பவன் கணவன். வீட்டை நடத்துவது மனைவியின் கடமை. இவற்றோடு 1358ஆம் பிரிவு என்று ஒன்றும் இருந்தது. மனைவி வெளியில் ஒரு வேலைக்கு ஒப்பந்தம் செய்திருந்தால், நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றுக் கணவன் அவ்வேலையை முன்னறிவித்தல் இன்றியே முறித்துவிடலாம். அவள் சம்மதிக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1948 செப்ரெம்பர் 1ஆம் திகதி, புதிய அரசியலமைப்பை எழுதுவதற்கான பாராளுமன்றப் பேரவை பான் நகரில் கூடியது. தொடக்க நிகழ்ச்சி நடந்த இடம் கோயினிக் விலங்கியல் அருங்காட்சியகம். வாக்குரிமை பெற்ற 65 உறுப்பினர்களில் பெண்கள் நால்வர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் காசல் நகரைச் சேர்ந்த சட்டத்தரணி எலிசபெத் செல்பெற். ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள் என்ற ஒரு நேரடியான வசனத்தை எவ்வித நிபந்தனையும் இன்றிச் சேர்க்க வேண்டுமென அவர் கேட்டார். 1948 டிசெம்பர் 3ஆம் திகதி அது தோற்கடிக்கப்பட்டது. அப்படிச் சேர்த்தால் குடும்பச் சட்டம் முழுவதும் செல்லாததாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். செல்பெற் ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்களும் கடிதங்களை அனுப்பினர். 1949 ஜனவரி 18ஆம் திகதி அதே வசனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடிப்படைச் சட்டத்தின் மூன்றாம் உறுப்புரையில் அது இன்றும் இருக்கிறது.

வசனம் எழுதப்பட்டதால் வீடு மாறிவிடவில்லை. பழைய சட்டங்களைத் திருத்துவதற்கு 1953 மார்ச் 31 வரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. பாராளுமன்றம் அத்தவணையைத் தவறவிட்டது. 1957இல் நிறைவேறி 1958 யூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டமே 1358ஆம் பிரிவை நீக்கியது. அச்சட்டமும் வீட்டை நடத்துவது மனைவி என்றே சொன்னது. மணவாழ்வுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளுக்கு இடையூறு வராத அளவில் அவள் வேலைக்குப் போகலாம் என்றது. வீட்டு வேலையைக் கணவனும் மனைவியும் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது 1977 யூலை 1ஆம் திகதி முதல்தான். அப்போது ஈழத்திலிருந்து மாணவராகவும் தொழில் தேடியும் சிலர் இங்கு வந்துவிட்டிருந்தனர்.

ஆகவே 'வீட்டு வேலை பெண்ணுடையது' என்பது தமிழருக்கென்று பிறப்போடு வந்த தனிப் பண்பாடல்ல. ஜேர்மனியரும் அதைச் சட்டமாகவே வைத்திருந்து, சண்டை பிடித்து, சிறிது சிறிதாக மாற்றியிருக்கிறார்கள். சட்டம் மாறிய அளவுக்கு அவர்களுடைய வீடும் மாறிவிடவில்லை. 2022இல் நடைபெற்ற அரச நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு பெண்கள் கிழமைக்கு ஏறக்குறைய 30 மணித்தியாலங்களும் ஆண்கள் ஏறக்குறைய 21 மணித்தியாலங்களும் ஊதியமற்ற வேலைகளைச் செய்கின்றனர். இந்தியாவில் 2019இல் எடுக்கப்பட்ட இத்தகைய கணக்கெடுப்பு இன்னும் மோசம். சம்பளமில்லா வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 வீதம், ஆண்கள் 26.1 வீதம். ஈடுபட்டவர்களிலும் பெண் செலவழித்தது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம்.

ஊரில் வேலை எப்படிப் பிரிந்திருந்தது?

யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் கைவேலைகள் பால் அடிப்படையில் மட்டும் பிரிந்திருக்கவில்லை. சாதி அடிப்படையிலும் பிரிந்திருந்தன. உடுப்புத் தோய்ப்பதற்கு ஒருவர், தலைமயிர் வெட்டுவதற்கு ஒருவர், மரம் ஏறுவதற்கு ஒருவர் என்று குடிமை முறை வகுத்து வைத்திருந்தது. எஞ்சிய வேலைகள் வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தன. இந்த இரண்டுக்கும் வெளியே நின்றவன் 'படிக்கிற பிள்ளை'. அவன் சாப்பிட்ட கோப்பையை எடுக்கத் தேவையில்லை. அவனுக்கு ரியூசன் இருக்கிறது. கைவேலை தெரியாமல் இருப்பதே அவனுடைய அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. எனவே வீட்டு வேலை பற்றிய எமது கூச்சத்துக்குள் ஆணாதிக்கம் மட்டுமல்ல, சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதை மறைக்காமல் பேச வேண்டும்.

பாடசாலையும் இதற்கு ஒத்துழைத்தது. மனையியல் பெண்பிள்ளைகளுக்கு, மரவேலையும் உலோகவேலையும் ஆண்பிள்ளைகளுக்கு. 1972இன் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் கொண்டுவரப்பட்டன. கையால் செய்யும் தொழிலையும் பாடசாலைக்குள் கொண்டுவரும் முயற்சி அது. 1977 ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டபோது எமது நடுத்தர வர்க்கப் பெற்றோர் துயரப்பட்டதாகத் தெரியவில்லை. டொக்டர், எஞ்சினியர் ஆகவேண்டிய பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பதே பொதுவான அபிப்பிராயமாக இருந்தது.

வேறு நாடுகள் வேறு வழியில் சென்றன. பின்லாந்தில் ஏழாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் மனையியலைக் கட்டாயமாகப் படிக்கின்றனர். யப்பானில் உயர்பாடசாலை மனையியல் பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை யப்பான் 1985இல் ஏற்றுக்கொண்டது. இரு பாலாருக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பது அச்சமவாயத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அதன் பயனாக 1993இல் கீழ்ப்பிரிவிலும் 1994இல் உயர்பிரிவிலும் மனையியல் ஆண்பிள்ளைகளுக்கும் கட்டாயமானது. அதே சமவாயத்தை இலங்கை 1981இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதையும் இங்கு நினைவுபடுத்த வேண்டும்.

ஹைம் குசினியில் கற்றதும் பின்னர் மறந்ததும்

எம்மவரில் ஆண்களுக்குச் சமைக்க வராது என்பது பொய். அதற்கு எமது சொந்த வரலாறே சாட்சி. எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனி இளைஞர்கள். ஹைமில் ஒரு அறைக்கு நான்கு பேர், ஆறு பேர். நீண்ட தாழ்வாரத்தின் முடிவில் ஒரு பொதுக் குசினி. அங்கே சமையல் முறை வைத்தார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். சோறு குழைந்தால் ஏச்சு வாங்கினார்கள். அடுத்த முறை தண்ணீரின் அளவு பிடிபட்டது. கோழி வெட்டப் பழகினார்கள். உடுப்பைக் குளியல் தொட்டிக்குள் போட்டு மிதித்துத் தோய்த்தார்கள். ஒருவர் தலைமயிரை மற்றவர் வெட்டிவிட்டார். ஊரில் எந்தக் கத்திரிக்கோலை எந்தச் சாதி பிடிப்பது என்று வகுத்திருந்த ஒழுங்கு, கேள்வி கேட்பாரின்றி அந்த அறைகளுக்குள் உடைந்து போயிற்று. இது சிறிய விடயமல்ல.

அதன்பின் வேலை அனுமதி கிடைத்தபோது, பலர் ரெஸ்ரோறண்டுகளின் பின்பக்கத்தால் உள்ளே போனார்கள். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, பீட்சா போட்டு, கடைசியில் தலைமைச் சமையற்காரராக வந்தவர்கள் உண்டு. ஒரு இரவில் நூறு பேருக்குச் சமைக்கும் இவர்களில் எத்தனை பேருடைய வீட்டில், அரிசி வாளி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்? கல்யாணத்தோடு சமையல் முறை முடிந்துவிட்டது. ஹைமில் திங்களும் செவ்வாயும் சமைத்த கை, மனைவி வந்திறங்கிய நாளிலிருந்து மறந்துபோனதாகக் காட்டிக்கொண்டது.

ஆகவே குறை திறமையில் இல்லை. சம்பளத்துக்குச் செய்தால் அது தொழில், தனக்காகச் செய்தால் அது தற்காலிக ஏற்பாடு, குடும்பத்துக்காகச் செய்தால் மட்டும் அது 'பொம்பிளை வேலை' என்ற கணக்கே குறை. வேலையின் பெயர் ஒன்றுதான். யாருக்கு அதில் பொறுப்பு என்பதே மாறுகிறது.

கடிதம் என்ற மறுபாதி

பெண்களுக்கு மறுக்கப்பட்ட திறமைகளைப் பற்றி இதைவிடக் குறைவாகவே பேசுகிறோம். வங்கி, வரி, விசா, காப்புறுதி, வீட்டு ஒப்பந்தம், கார் ஆகியவை எமது பெரும்பாலான குடும்பங்களில் ஆணின் இலாகா. இதற்கு மாறாக, எல்லாக் கடிதங்களையும் மனைவியே பார்க்கும் வீடுகளும் உண்டு. அங்கே கணவன்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எந்தப் பக்கம் என்பதல்ல முக்கியம், ஒருவர் மட்டும் அறிந்திருப்பதே ஆபத்து.

ஏனெனில் ஜேர்மனியில் கடிதம் என்பது வெறும் செய்தி அல்ல, அது ஒரு மணிக்கூடு. அரச அலுவலகம் ஒன்றின் முடிவை எதிர்ப்பதற்குப் பொதுவாக ஒரு மாதமே தவணை. மஞ்சள் உறையில் வரும் கடிதம் எப்போது சேர்ப்பிக்கப்பட்டது என்று தபாற்காரர் உறையிலேயே திகதி எழுதுகிறார். நீங்கள் அதை உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் அன்றிலிருந்து நாட்கள் எண்ணப்படும். கடன் தொடர்பாக நீதிமன்றத்திலிருந்து வரும் கட்டளைக்கும் வீதிப் போக்குவரத்துக் குற்றப்பணத்துக்கும் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு கிழமைகள் மட்டுமே. 'அவர் ஊரால வரட்டும்' என்று அலுமாரிக்கு மேல் வைத்த கடிதம், அவர் வருவதற்குள் தீர்ப்பாகிவிடுகிறது.

சில விடயங்களை ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணவனின் விசாவோடு வந்த மனைவி (மனைவியின் விசாவோடு வந்த கணவனும்தான்) ஜேர்மனியில் மூன்று வருடங்கள் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பின்னரும் சொந்தமாக வதிவிட அனுமதி பெறும் உரிமை உண்டு. 1990இன் வெளிநாட்டவர் சட்டத்தில் இது நான்கு வருடமாக இருந்தது. 2000இல் இரண்டாகக் குறைக்கப்பட்டு, 2011இல் மூன்றாக உயர்த்தப்பட்டது. வீட்டில் வன்முறை போன்ற கடும் நிலை இருந்தால் மூன்று வருடம் நிறைவடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 'என்னை விட்டுப் போனால் உன்னை நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்' என்ற வெருட்டலை நம்பி அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தை அறிந்திருப்பது ஒரு நேர உணவை அறிந்திருப்பதைவிடப் பெரிது. 116 016 என்ற இலக்கத்தில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான இலவச உதவித் தொலைபேசி இரவுபகலாக இயங்குகிறது.

நோயும் சாவும் வரும்போது இந்த அறியாமையின் விலை இன்னும் கூடுகிறது. கணவனின் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, மனைவி என்ற காரணத்தால் பணம் எடுக்க முடியாது. எழுத்துமூல அதிகாரம் வேண்டும். ஒருவர் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் மருத்துவ முடிவுகளை எடுக்கும் உரிமையும் 2023 ஜனவரி 1க்கு முன்னர் தானாக மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அத்திகதியிலிருந்து, ஆகக்கூடியது ஆறு மாதங்களுக்கு, மருத்துவ விடயங்களில் மட்டும் கணவனும் மனைவியும் ஒருவருக்காக மற்றவர் முடிவெடுக்கலாம். அந்தப் புதிய விதிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கமும் 1358தான். மனைவியின் வேலையை முறிக்கக் கணவனுக்கு அதிகாரம் கொடுத்த அதே இலக்கத்தின் கீழ் இன்று இருவரும் ஒருவரையொருவர் தாங்கும் விதி நிற்கிறது. ஆனால் அது வங்கிக்குச் செல்லாது. அதற்கு நோய் வருமுன்னரே அதிகாரப் பத்திரம் எழுதி வைக்க வேண்டும்.

துணையை இழந்தவருக்கான ஓய்வூதியமும் தானாக வீடு தேடி வருவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும். பிந்தினால் கடந்துபோன காலத்துக்கு ஆகக்கூடியது பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் பின்னோக்கிக் கொடுப்பார்கள். இறந்தவர் ஏற்கெனவே ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தால், முதல் மூன்று மாதங்களுக்கான முற்பணத்தை முப்பது நாட்களுக்குள் கேட்க வேண்டும். செத்தவீட்டில் முப்பத்தோராம் நாள் செலவுக்கு யாரிடம் கைநீட்டுவது என்று யோசிக்கும் பெண்ணுக்கு, அந்த முப்பது நாட்களும் போய்விட்டன என்பதை யார் சொல்வது?

இவ்வெற்றிடத்தைப் பல வீடுகளில் பிள்ளைகள் நிரப்புகிறார்கள். பன்னிரண்டு வயது மகள் டொக்டரின் அறையில் தாய்க்கும் டொக்டருக்கும் இடையில் உட்கார்ந்து, தாயின் கர்ப்பப்பை பற்றியோ தந்தையின் புற்றுநோய் பற்றியோ மொழிபெயர்க்கிறாள். வீட்டுக்கு வந்தபின் அவளே சோறும் போடுகிறாள். அதே வீட்டில் அவளுடைய தம்பி கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான். மகளுக்கு இரண்டு பாரம், மகனுக்கு ஒன்றுமில்லை என்ற இந்தக் கணக்கை நாம் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. இங்கு வந்து புதிதாக உண்டாக்கியிருக்கிறோம்.

கற்காத திறமை உயிரையும் எடுக்கும்

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2004 டிசெம்பர் 26ஐ எண்ணிப் பார்க்கட்டும். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் ஆழிப்பேரலையில் இறந்தவர்களுள் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். காரணங்கள் பல. ஆண்கள் பலர் கடலில் அல்லது வெளியில் இருந்தார்கள். பெண்கள் கரையில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆனால் நீந்தவும் மரம் ஏறவும் இலங்கையில் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தது என்பதையும் அவ்வறிக்கை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீந்தத் தெரியாது. 'பெரியபிள்ளை ஆகிவிட்டாள்' என்று சொல்லி நீச்சல் வகுப்பிலிருந்து மகளை மறிக்கும் பெற்றோர் இங்கும் இருக்கிறார்கள். சிறுவர்களின் கடற்குதிரைச் சின்னம் ஆரம்பப்படி மட்டுமே. வெண்கலச் சின்னம் பெற்ற பின்னரே ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்பாக நீந்தத் தெரியும் என்று இங்குள்ள உயிர்காப்புச் சங்கம் கூறுகிறது. மகனுக்கும் மகளுக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

மறுபக்கத்தில், ஒரு சிறிய திறமை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் புதுக்கோட்டை உதாரணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். பல்லாயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பஸ்ஸுக்கும் கணவனுக்கும் தகப்பனுக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மீண்டது. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிள்ளையை ஏற்றிச் செல்லவும் அவர்களே போனார்கள். சைக்கிள் ஓட்டுவதைக் கற்றதன் மூலம் அவர்கள் ஆண்களாகிவிடவில்லை. காத்திருப்பதை மட்டும் நிறுத்தினார்கள்.

தொழிற்சாலைச் சுவரில் ஒரு தாள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், எமது பகுதியின் சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. இடது பக்கம் எங்கள் பெயர்கள். மேலே அப்பகுதியில் உள்ள வேலைகள் ஒவ்வொன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால்வட்டம் கறுத்திருந்தால் பழகுகிறார். அரைவட்டம் என்றால் உதவியோடு செய்வார். முக்கால் என்றால் தனியே செய்வார். முழுவதும் கறுத்திருந்தால் மற்றவருக்குப் பழக்குவார். ஒரு வேலையின் கீழ் ஒரேயொரு முழுவட்டம் மட்டும் இருந்தால் பொறுப்பாளருக்கு நித்திரை வராது. அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இயந்திரம் நிற்கும். உடனே இன்னொருவரை அவரோடு நிற்கவைத்துப் பழக்குவார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சமத்துவமல்ல, உற்பத்தி நிற்கக்கூடாது என்பதே. முதலாளி தன் இயந்திரத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நாம் எங்கள் வீட்டுக்குக் காட்டினால் போதும்.

ஒரு தாளில் அந்த அட்டவணையை வீட்டுக்கென்று கீறிப் பாருங்கள். இடது பக்கம் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உட்பட. மேலே எழுதுவதற்கு ஒரு பட்டியல் தருகிறேன்; குறைகளை வாசகர்கள் நிரப்பலாம்.

உணவு: சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு சொதி, முட்டை. நீரிழிவுகாரருக்கு எது எவ்வளவு என்பது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுவது.

உடை: தோய்க்கும் இயந்திரத்தின் குறியீடுகள், பொத்தான் தைத்தல், அயன் பண்ணுதல்.

வீடு: தண்ணீரை முழுதாக நிறுத்தும் திருகு எங்கே, பியூஸ் பெட்டி எங்கே, புகை அறிவிப்பானை எப்படிச் சோதிப்பது. (பான் அடங்கிய மாநிலத்தில் 2017 தொடக்கம் பழைய வீடுகளிலும் இது கட்டாயம்.) சுவரில் துளையிடுதல், சில்லுக்குக் காற்றடித்தல்.

உடல்: 112க்கு அழைத்து, எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர் என்று டொச்சில் சொல்லுதல். முதலுதவி. குழந்தையைக் குளிப்பாட்டல், படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைத்துத் துடைத்தல். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் என்ன மருந்து எடுக்கிறார் என்பது. (மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர், எழுத்தில் ஒரு மருந்துத் திட்டத்தை டொக்டரிடம் கேட்டுப் பெறும் உரிமை 2016 ஒக்ரோபர் முதல் உண்டு.)

கடிதம்: உறையின் திகதி, கடைசிப் பந்தியிலுள்ள தவணை, எதிர்ப்புத் தெரிவிக்கும் இரண்டு வரிக் கடிதம். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்புறுதி, பாஸ்போட் ஆகியவை இருக்கும் கோவை.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். 'அவர் இரவு வேலை, நான் எப்படி எழுப்பிச் சமைக்கச் சொல்லுவன்?' என்பது ஒன்று. வேலைகளைப் பிரித்துக்கொள்வதை இக்கட்டுரை எதிர்க்கவில்லை. நாளாந்தம் யார் செய்வது என்பதை இருவரும் தங்கள் நேரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஆனால் பிரித்துக்கொள்வதற்கு முதலில் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒருவர் செய்வது பிரிவினை அல்ல, விலகி நிற்றல். இரண்டாவது மறுப்புப் பெண்களிடமிருந்து வருகிறது. 'அவர் சமைச்சால் குசினியைக் கழுவவே எனக்கு ஒரு நாள் வேணும்', 'என்ர பிள்ளையை ஏன் கோப்பை கழுவ விடுறாய்?' என்று மருமகளைக் கேட்கும் தாய் வேறு. வேறெந்த அதிகாரமும் கொடுக்கப்படாத பெண்ணுக்குக் குசினி ஒன்றே ஆட்சிப்பரப்பாக இருந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க அவள் தயங்குவது விளங்கக்கூடியதே. ஆனால் கடிதக் கோவையின் திறப்பும் அவள் கைக்கு வந்தால் அந்தத் தயக்கம் குறையும். மூன்றாவது மறுப்பு, எல்லாவற்றுக்கும் கைத்தொலைபேசி இருக்கிறது என்பது. இன்று கடிதத்தைப் படம் எடுத்தால் அது தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும். அதைப் பயன்படுத்தப் பழகுவதும் நல்லதே. ஆனால் தவணைக்குள் கையொப்பமிட்டு அனுப்புவதும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைப்பதும் அதற்குத் தெரியாது.

எமது சங்கங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும் வருடம் முழுவதும் மண்டபங்களை வாடகைக்கு எடுக்கின்றன. அவற்றில் வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கினால் என்ன? ஒன்றில் ஆண்களும் பையன்களும் சமைக்கட்டும். கற்பிப்பதற்கு ரெஸ்ரோறண்டில் முப்பது வருடம் நின்றவர்கள் எம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள். மற்றதில் பெண்கள் தங்கள் சொந்தக் கடிதங்களோடு வரட்டும். அலுவலகங்களிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் வேலை செய்யும் எமது இளந்தலைமுறையினர் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை, பிரதம விருந்தினரும் தேவையில்லை.

இக்கருத்துகளுக்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுத வேண்டும், விவாதம் தொடரட்டும். எழுதுமுன் ஒரேயொரு வேண்டுகோள். அந்த அட்டவணையைக் கீறி, வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து வட்டங்களை நேர்மையாக நிரப்பிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரேயொரு முழுவட்டம் மட்டும் உள்ள வேலைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையையும் மறுப்போடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.